தராசின் முள்ளும் வாங்குவோர் கண்ணும்

வாரத்திற்கு ஒரு நாள் ஊர்ப் பொதுவிடத்தில் கூடிக் கலைகிற சந்தை முதற்கொண்டு, விடியுமுன்னே லாரிகள் வந்து நிற்கும் மண்டி, தெருமுனை மளிகைக் கடை, பேரங்காடி, கைப்பேசித் திரையிலேயே நடந்து முடியும் இணைய வர்த்தகம் ஈறாக, நம் அன்றாட ஜீவனத்திற்கான பொருள்கள் நம்மை வந்தடையும் மார்க்கங்கள் பலவாகும். அவற்றுள் எதை நாடினாலும் நாம் மறத்தலாகாத விஷயம் ஒன்றுண்டு. விளைவித்தவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவுக்கெவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு நம் கண் காணாத கைகளும் பெருகுகின்றன. அவற்றின் செயலுக்கு நாமே சாட்சியாக நிற்க இயலாத இடங்களில் நமக்குத் துணை நிற்பது சட்டம்.

ஆந்திரத்து மதனப்பள்ளியிலோ கர்நாடகத்துக் கோலாரிலோ பறித்த தக்காளி, ஏலம், தரகு, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, இறக்குக்கூலி என்னும் படிகளைக் கடந்து, சென்னைக் கொத்தவால் சாவடியின் நெரிசல் தாங்காமல் 1996-இல் வியாபாரம் இடம் பெயர்ந்த கோயம்பேட்டிற்கு வந்து, அங்கிருந்து சில்லறைக் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் பிரிந்து, கடைசியில் நம் பையில் விழுகிறது. இடையில் உழைப்போர் யாவரும் கூலிக்கு உரியவரே. ஆயினும் படிகள் மிகுந்தால் விளைவித்தவருக்குக் குறைவும், வாங்குபவருக்கு ஏற்றமும் நேர்வது சகஜம் என்பதனாலேயே, 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயி தரகின்றித் தாமே விற்கும் அவ்விடத்தில், அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும்; அதற்கு மேல் கேட்கப்பட்டால், சந்தையிலேயே உள்ள நிர்வாக அலுவலரிடம் முறையிடலாம்.

விலைக்கு அடுத்தது எடை. 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி, வியாபாரத்தில் உபயோகமாகும் ஒவ்வொரு தராசும் குறித்த காலத்தில் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற்றாக வேண்டும். மின்னணுத் தராசுக்கு இது ஆண்டுதோறும் அவசியம். பொருளை வைக்குமுன் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதும், இனிப்புப் பெட்டியின் எடையை இனிப்பின் எடையோடு சேர்க்க வேண்டாமென்று சொல்வதும், எடைக்கல்லுக்குப் பதிலாகக் கருங்கல்லை வைப்பவரிடம் வாங்க மறுப்பதும் நம் உரிமையே. இத்தகைய குறைகளைத் தமிழ்நாட்டில் விசாரிக்க வேண்டியது தொழிலாளர் துறை.

பொட்டலத்தில் வரும் பொருளின்மேல் தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயரும் முகவரியும், நிகர எடையும், தயாரித்த மாதமும் வருஷமும், எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்சச் சில்லறை விலையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அவ்விலைக்குக் குறைத்துக் கேட்க நமக்குத் தடையில்லை. குளிரூட்டிய கூலி என்று சொல்லிக் கடைக்காரர் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பதற்கோ நியாயமில்லை. உணவுப் பொட்டலமாயின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணையும் நோக்குக. கார்பைடு கல் வைத்து மாம்பழத்தைப் பழுக்கச் செய்வது தடை செய்யப்பட்ட செயல். சந்தேகம் எழுமாயின் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவித்தல் கடமையாகும்.

விற்பவரின் முகமே தெரியாத இணைய வர்த்தகத்தில் அபாயம் அதிகம். படத்தில் கண்டது ஒன்று, பெட்டியில் வந்தது ஒன்று என்று ஏமாறுவோர் பலர். 2020-ஆம் ஆண்டின் விதிகளோ, விற்பனையாளரின் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டுமென்றும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டுமென்றும் இணைய வர்த்தக நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. அப்புகாருக்குச் சான்று வேண்டுமாதலால், பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்து வைப்பது விவேகம்.

இவ்வளவுக்கும் பரிகாரம் கிட்டாவிடில், முதலில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதனாலும் பயனில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஸ்தானத்தில் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கடை எங்கிருப்பினும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிட இடமளிக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டுமென்ற நிர்ப்பந்தமுமில்லை. குறை நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டுமென்பதே முக்கியம்.

ஆயினும் எந்த ஆணையமும் முதலில் கேட்பது ரசீதைத்தான். அதைத் தர மறுப்பதையே முறையற்ற வாணிபம் என்று மேற்படி சட்டம் சொல்கிறது. நாமோ நாலு ரூபாய்ச் சாமானுக்கு ரசீது எதற்கென்று கைவீசி வந்துவிடுகிறோம். கிலோவுக்கு 50 கிராம் குறைந்தால் வசதியுள்ளவருக்கு அது தெரியாமற் போகலாம். அன்றாடக் கூலியில் அரைக்கிலோ அரிசி வாங்கும் தாய்க்கு அது குழந்தையின் ஒரு பிடி சோறு. நாம் கேளாமல் விடும் கேள்வியின் நஷ்டம் நம்மோடு நிற்பதில்லை. நேர்மையாக நிறுத்துக் கொடுக்கும் வணிகரையும் அது தோற்கடிக்கிறது. ஆகவே, அடுத்த முறை பிள்ளையைக் கடைக்கு அனுப்புங்கால், மீதிச் சில்லறையை எண்ணி வாங்கச் சொல்வதோடு, தராசின் பூஜ்யத்தைப் பார்க்கவும் ரசீதைக் கேட்டு வாங்கவும் சொல்லி அனுப்புவோமாக.