பாய்மரமும் அதனைத் தாங்கும் வடங்களும்

சிறு பாய்ப்படகு ஒன்றினைக் கரையில் நின்று நோக்குவார்க்கு, அதன் பாய்மரம் தன் வலியினாலேயே நிமிர்ந்து நிற்பது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. இக்காலச் சிறுபடகுகளின் பாய்மரம் பெரும்பாலும் உள்ளீடற்ற அலுமினியக் குழாயே. முன்னும் பின்னும் இரு பக்கங்களிலும் அதனை இழுத்துப் பிடிக்கும் கம்பிவடங்களுள் ஒன்று காற்றடிக்கும் வேளையில் அறுமாயின், அடுத்த கணமே மரமும் வீழும். மதுரைக்காஞ்சி ஆசிரியர் மாங்குடி மருதனார், கடுங்காற்றிற் சிக்கிய நாவாயை உவமை கூறுமிடத்து, முதலில் வலிய கயிறு அறுவதையும், பின்னர்ப் பாய் சிதைவதையும், அதன் பின்னரே கூம்பு அடியோடு முறிவதையும் முறையாக வைத்தார். கடலறிந்தார் கூற்று அது. அவ்வரிசை இன்றும் மாறவில்லை.

இதன் காரணம் எளிய பொறியியலாகும். பக்கவடம் பாய்மரத்தோடு அமைக்கும் கோணம் 10 பாகையெனின், வடத்தில் எழும் இழுவை, மரத்தின் உச்சியைப் பக்கமாகத் தள்ளும் விசையின் ஏறக்குறைய ஆறு மடங்காகும். அவ்விழுவையின் பெரும்பகுதி மரத்தைக் கீழ்நோக்கி நெருக்கும். மெல்லிய நெடுங்கோல் ஒன்று இவ்வாறு நெருக்கப்படுங்கால் நசுங்குவதற்கு முன்னரே வளைந்து முறியும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலே கணித மேதை ஒயிலர் நிறுவினார். தாங்கலின்றி நிற்கும் நீளம் இருமடங்காயின், தாங்கக்கூடிய பாரம் காற்பங்காகக் குறையும். ஆதலினாலேயே மரத்தின் நடுவே குறுக்குத் தண்டுகளையும், அவ்விடத்திலிருந்து இறங்கும் கீழ்ப் பக்கவடங்களையும் அமைத்தனர். குறுக்குத் தண்டின் நுனி, தன்மேற் செல்லும் வடத்தோடு மேலும் கீழும் சமகோணங்களை அமைத்தல் வேண்டும். சிறிது தாழ்ந்து சரிந்தாலும் அது நழுவக்கூடும்.

இனி, சோதனைக்கு வருவோம். வடங்கள் பெரும்பாலும் 19 இழைகளை முறுக்கிச் செய்த கறையில் உருக்கினால் ஆயவை. பெயரைக் கேட்டு அதற்குக் கறையே இல்லையென எண்ணுதல் தவறு. இவ்வுருக்கிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மேற்பரப்பிலே மிக மெல்லிய படலம் ஒன்றை ஆக்குகின்றது. உருக்கைக் காப்பது அப்படலமே. ஒடுங்கிய இடுக்கிலே கடல்நீர் தேங்கி நிற்கும்போது அங்குள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடுகின்றது. சிதைந்த படலம் மீண்டும் ஆகாது. உப்பிலுள்ள குளோரைட்டு உலோகத்தை உள்ளேயே அரிக்கத் தொடங்கும். ஆகவே, வெயிலிலும் காற்றிலும் பளபளக்கும் பகுதியன்று, மறைந்திருக்கும் பகுதியே ஐயத்துக்குரியது. வடத்தின் கீழ்நுனியில் அழுத்திப் பொருத்திய குழாய்முனைக்குள் மழைநீரும் கடல்நீரும் இறங்கித் தங்கும். வடத்தைப் படகின் உடலோடு பிணைக்கும் உலோகப் பட்டை மேற்றளத்தை ஊடுருவும் இடம் இன்னும் கொடியது. மேலும் கீழும் பழுதற்றுத் தோன்றும் பட்டை, தளத்தின் தடிப்புக்குள் பாதியாகத் தேய்ந்திருக்கும். அதனைக் கழற்றிப் பாராது நலமென்று கூறுபவர் சோதித்தவராகார்.

பஞ்சோ பழந்துணியோ கொண்டு வடத்தை மேலிருந்து கீழாகத் தடவினால், அறுந்த இழை அதனைப் பற்றிக்கொள்ளும். வெறுங்கையால் தடவலாகாது. ஓரிழை அறுந்திருப்பினும் அவ்வடம் முழுவதையும் மாற்றுதலே முறை. குழாய்முனைகளில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாவெனக் கண்ணாடி வில்லையாற் பார்த்தல் வேண்டும். வெப்பமண்டலக் கடல்களில், உப்பும் வெம்மையும் சேர்தலின், வடங்களின் ஆயுள் குறையும். அலுமினிய மரத்தில் உருக்குத் திருகாணிகள் பதிந்த இடங்களில் வெண்பொடி காணப்படின், அங்கே கடல்நீரை மின்பகுபொருளாகக் கொண்டு சிறு மின்கலம் ஒன்று இயங்குகின்றதென அறிக. கரைவது அலுமினியமே. மரத்தின் அடியையும் மறத்தலாகாது. அதனைத் தாங்கும் தளத்தினுள் உள்ள பலகை உளுத்தால் தளம் குழியும். உள்ளறைக் கதவு இறுகி மூட மறுக்கும். படகுக்காரர் பலர் கதவைச் சீவிச் சரிசெய்து மகிழ்வர்!

புதுப்பித்தலிலும் அறிவு வேண்டும். 4 மில்லிமீற்றர் வடத்துக்குப் பதிலாக 5 மில்லிமீற்றர் வடம் இட்டால் குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகப் பெருகும், உண்மையே. ஆயினும் உயரத்திற் பாரம் கூடும். முறிவும் அடுத்த நலிந்த உறுப்புக்கு, அஃதாவது ஆணிக்கோ பட்டைக்கோ, இடம்பெயரும். இதற்கு 2018 ஆம் ஆண்டின் கோல்டன் குளோப் ஓட்டம் சான்றாகும். தனியொருவராய் எங்கும் தங்காது உலகைச் சுற்றும் அவ்வோட்டத்தில் ஐந்து படகுகள் பாய்மரம் இழந்தன. அவற்றுள் ஒன்று கோவாவிற் கட்டப்பட்ட ‘துரியா’. அதனைச் செலுத்திய இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தென் இந்து சமுத்திரத்திலே முதுகெலும்பு பழுதுற்றுக் கிடந்து, பின்னர்ப் பிரெஞ்சுக் கப்பலொன்றால் மீட்கப்பட்டார். ஓட்டத்தில் வென்ற பிரெஞ்சு மாலுமி ஜான்-லுக் வான் டென் ஹீட், அப்போது 73 வயதினர். வடத்தைப் பருப்பிப்பதோடு நில்லாது மரத்தின் நீளத்தையே குறைத்துக்கொண்டு புறப்பட்டவர் அவர். பாய்ப்பரப்பும் வேகமும் குறையுமென்று அஞ்சவில்லை. 2018 நவெம்பரில், ஹோர்ன் முனைக்கு மேற்கே, பேரலை ஒன்று அவர் படகைப் புரட்டியது. கீழ்ப் பக்கவடங்களைத் தாங்கிய ஆணி மரத்தின் அலுமினியச் சுவரை அறுத்துக்கொண்டு சில சதமமீற்றர் இறங்கிற்று, வடங்கள் தளர்ந்தன, மரமோ நின்றது. மரத்தின்மீது பலமுறை ஏறி அவ்விடத்தைக் கயிறுகளாற் பிணித்து, பாயைச் சுருக்கி நடத்தி, 2019 சனவரி 29 அன்று கரை சேர்ந்தார். வடம் அறவில்லை, ஆணியும் முறியவில்லை. ஆணி பதிந்த மெல்லிய சுவரே இடங்கொடுத்தது என்பதை ஊன்றி நோக்குக.

உருக்குக்குப் பதிலாகச் செயற்கை நார்வடங்களும் இன்று வழக்கிலுள்ளன. எடையிற் பெரிதும் குறைந்தவை, துருவேறாதவை. எனினும் உராய்விலும் வெயிலிலும் நலியும்; இடைவிடாத இழுவையில் மெல்ல மெல்ல நீளும்.

புதுவடம் பூட்டியபின் அதனை எவ்வளவு இறுக்குவது? கருவி இல்லாதார்க்கும் வழியுண்டு. தளர்ந்துள்ள வடத்தில் 2 மீற்றர் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, பின்னர்த் திருகை முறுக்குக. அந்நீளம் 1 மில்லிமீற்றர் கூடினால், இழுவை முறிவுப் பாரத்தின் ஏறக்குறைய 5 சதவீதம். பக்கவடங்களுக்கு 3 மில்லிமீற்றர், அஃதாவது 15 சதவீதம், பொதுவாகப் போதியது. வடம் பருத்ததாயினும் சிறுத்ததாயினும் இக்கணக்கு மாறாது. முறிவுப் பாரமும் விறைப்பும் ஒருங்கே பரப்பைப் பொறுத்து வளர்தலே காரணம். இரு பக்கமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்குதல் வேண்டும். பின்னர் மிதமான காற்றில் ஓட்டி, காற்றுக்கு மறுபுறத்து வடங்கள் தொய்ந்தாடினால் மீண்டும் இறுக்கி, ஒவ்வொரு திருகிலும் பிளவாணி செருகி, அதன் கால்களை விரித்து, பாயைக் கிழியாதபடி நாடாச் சுற்றிவிடல் வேண்டும்.