ஒலியின் வழியும் பார்வையற்றோர் உரிமையும்

பழவேற்காட்டு ஏரியில் ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வந்து விழுகின்றன. பல வழிகளில் வந்த நீர் ஒன்றாய்க் கலந்து முகத்துவாரத்தின் வழியே கடலைச் சேருகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் ஏரியும் கெடுகிறது. ஏரியை நம்பிய பசியாவரம் முதலிய ஊர்களின் ஜீவனமும் கெடுகிறது. எந்த நீர் எதிற் கலந்து எவ்வழியே வெளியேறுகிறது என்பதை அங்குள்ள மீனவருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒலிப்பதிவுக் கலையின் உயிர்நிலையும் இத்தகைய வழிவகுப்பே என்றால் நம் வாசகர்களிற் சிலர் வியப்புறக்கூடும். அவ்வேலை பார்வையற்றோருக்குப் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருப்பதைப் பற்றியே இன்று எழுத முற்படுகிறோம்.

பசியாவரத்தில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் மீனவரின் அம்பாப் பாட்டைக் கணிப்பொறியிற் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதற்பாட்டுக்காரருக்கு ஒரு மைக். பின்பாட்டுப் பாடும் நால்வருக்கு நான்கு மைக். ஐந்தும் ஐந்து தடங்களாகப் பதிவாகின்றன. பின்பாட்டு ஓங்கி நிற்கிறது, சற்றுத் தணிக்க வேண்டும் என்றால் நான்கு தடங்களையும் தனித்தனியே தொட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. நான்கையும் ஒரு பொதுக் கால்வாயில் விட்டு, அதன் மதகை மட்டும் இறக்கினாற் போதும். அந்தப் பொதுக் கால்வாய்க்கே தொழில் வழக்கில் ‘பஸ்’ என்று பெயர். எதிரொலி சேர்க்கும் கருவியையும் ஒரு பஸ்ஸில் வைத்து, ஒவ்வொரு குரலிலிருந்தும் வேண்டிய அளவு அதற்கு அனுப்பலாம். எல்லாம் இறுதியில் ‘மாஸ்டர்’ என்னும் முகத்துவாரத்தை அடைகின்றன. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு ஓடும் பஸ்ஸுக்கும் இந்தப் பஸ்ஸுக்கும் மூலம் ஒன்றே. ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வால்தான் இரண்டும். எல்லோருக்கும் என்று பெயர் வைத்துவிட்டுச் சிலரை ஏற்றாமல் ஓட்டுவது விந்தையே.

காதுக்குரிய இவ்வேலையில் கண் எப்படிப் புகுந்தது? முற்காலத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு குமிழ், ஒரு தள்ளுகட்டை, செருகுவதற்கு ஒரு கம்பி என்று யாவும் கைக்கு எட்டுவனவாயிருந்தன; விரலால் தடவி அறிந்துகொள்ள முடிந்தது. அவை கணிப்பொறித் திரைக்குள் புகுந்தபோது படங்களாகிவிட்டன. எந்தத் தடம் எந்தப் பஸ்ஸுக்குப் போகிறது என்பதைக் காட்டப் பல மென்பொருள்கள் கட்டங்களையும் வர்ணக் கம்பிகளையும் வரைந்து, மௌஸால் இழுத்து இணைக்கச் சொல்கின்றன. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கோ பெயரிடப்படாத படம் வெறுஞ் சுவர். இத்தனைக்கும் வழிவகுத்தல் என்பது சாராம்சத்தில் ஒரு பட்டியலே. ‘இரண்டாம் தடம் பின்பாட்டுப் பஸ்ஸுக்கு; அளவு இவ்வளவு’ என்று வாயாற் சொல்லிவிடலாம். பழவேற்காட்டில் ‘பாடு’ என்னும் பழைய முறையைப் பாருங்கள். இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்து, தண்ணீரையே பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு அது. ஊராரின் வாய்ச்சொல்லே அதற்குப் பத்திரம். சொல்லிலே அடங்கக்கூடிய ஒன்றைப் படமாக மட்டுமே வைத்தது மென்பொருள் செய்தவர்களின் தீர்மானம், பார்வையற்றோரின் குறையன்று.

பார்வையுடையோர் நினைத்தும் பாராத சங்கடம் ஒன்று இதிலுண்டு. மற்றவர்க்குப் பாட்டின் ஒலி மட்டுமே. பார்வையற்றவர்க்குத் திரைவாசிப்பானின் குரலும் கூட வருகிறது. இரண்டும் ஒரே வழியில் வந்தால் பாட்டின் நுட்பம் பேச்சில் அமிழ்ந்துபோம். நேரடி ஒலிபரப்பிலோ விபரீதமே நேரும்: ‘மூன்றாம் தடம் அடக்கப்பட்டது’ என்ற யந்திரக் குரல் பாட்டோடு சேர்ந்து நேயர் வீட்டுக்குப் போய்விடும். ஆகவே திரைவாசிப்பானின் குரலை வேறொரு ஒலிக்கருவியின் வழியே தம் காதுக்கு மட்டும் திருப்பிக்கொள்வது பழகியோர் கையாளும் உபாயம். இன்னொரு பொறியும் இருக்கிறது. பஸ்ஸுக்கு அனுப்பிய தடம் மாஸ்டருக்கு நேர்வழியாகவும் போய்க்கொண்டிருந்தால், பஸ்ஸின் மதகை முழுதும் இறக்கினாலும் குரல் நிற்காது. பார்ப்பவர் திரையில் ஒரு சிறு குறியைக் கண்டு திருத்திவிடுவார். மற்றவருக்கு அக்குறி இருப்பதை யாராவது சொல்லவேண்டும்.

அதைச் சொல்லும் கருவியைச் செய்தவர்களும் பார்வையற்றோரே. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்பவர் 2006-ல் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவர் நண்பர் ஜேம்ஸ் டே அதிற் சேர்ந்துகொண்டார். இருவரும் சிறு வயதில் பார்வையற்றோருக்கான இசை முகாமொன்றில் சந்தித்தவர்கள். விலையின்றிக் கிடைக்கும் அக்கருவி தமிழையும் படிக்கிறது. ‘ரீப்பர்’ என்ற ஒலிப்பதிவு மென்பொருளை விசைப்பலகையாலேயே நடத்துவதற்கு ‘ஓசாரா’ என்னும் துணைக் கருவியையும் ஜேம்ஸ் டே தொடங்கிவைத்தார், அதற்கும் விலையில்லை. ரீப்பரில் பஸ் என்று தனி ஜாதி கிடையாது. எந்தத் தடமும் பஸ்ஸாகலாம். தடத்தின்மேல் நின்று ஒரு விசையை அழுத்தினால், அது எங்கிருந்து பெறுகிறது, எங்கே அனுப்புகிறது, மாஸ்டருக்கு நேர்வழி திறந்திருக்கிறதா என்பவை தனித்தனி வரிகளாக வருகின்றன. ஓசாரா தடத்தின் பெயரையும் ஒலியின் உச்ச அளவையும் சொல்லுகிறது. நாம் கற்பனை செய்த பசியாவரத்து இளைஞருக்கு இதற்குமேல் வேண்டுவது பயிற்சியும் ஒரு நல்ல மைக்கும்தான்.

பயிற்சியை யார் கொடுப்பது? அந்தகக்கவி வீரராகவ முதலியாரைக் கொண்டாடும் நாட்டில் இக்கேள்விக்கு விடை எளிதாயிருக்க வேண்டும். 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கிற்று. 2016-ல் பாம்பனில் மீனவருக்கென்றே ‘கடல் ஓசை’ எழுந்தது. ஒலிப்பதிவு பெருநகரத்து ஸ்டூடியோக்களோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இவை அத்தாட்சி.

சட்டமும் வாயடைத்து நிற்கவில்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு, தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் அவர்களுக்கு எட்டும்படி செய்வதைச் சர்க்காரின் கடமையாக்குகிறது. ஆனால் 2017-ல் வகுத்த விதிகள் அக்கடமையை வெறும் சிபார்சாக நீர்க்கச் செய்தன. 2024 நவம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட் 15-வது விதி சட்டத்துக்கு முரணானதென்று தீர்த்து, கட்டாயமான தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கும்படி உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30-ல் டிஜிட்டல் வசதியை எட்டுவதும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று மற்றொரு தீர்ப்பும் வந்தது. ஒலிப்பதிவு மென்பொருளைக் குறித்து இத்தீர்ப்புகள் ஒன்றும் சொல்லவில்லை. வக்கீல்கள் அதை நுணுக்கிக் காட்டவும் கூடும். எனினும் சர்க்கார் பணத்தில் வாங்கும் மென்பொருளுக்குச் சர்க்கார் நிபந்தனை விதிப்பதை எந்தக் கோர்ட்டும் தடுக்கவில்லை.

தரமணியிலுள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனமும், இசைக் கல்லூரிகளும், சமுதாய வானொலி நடத்தும் பல்கலைக்கழகங்களும் அடுத்த முறை இத்தகைய மென்பொருள் வாங்குமுன் ஒரு பரீட்சை வைக்கட்டும். கம்பெனிப் பிரதிநிதியைக் கணிப்பொறி முன் அமர்த்தித் திரையை அணைத்துவிட வேண்டும். நான்கு குரல்களை ஒரு பஸ்ஸில் சேர்ப்பது, நேர்வழியை அடைப்பது, எதிரொலிக்கு அளவு வைப்பது, திரைவாசிப்பானின் குரல் பதிவில் விழாமற் காப்பது ஆகிய நான்கையும் அவர் விசைப்பலகையால் செய்து காட்டட்டும். செய்த பிறகு பணம் கொடுக்கலாம்.