39 மணி நேரமே வாழ்ந்த கென்னடியின் மகன்... குறைமாதக் குழந்தைகளை இன்று காப்பாற்றும் 'சர்ஃபாக்டன்ட்' என்றால் என்ன?

1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்துவிட்டான். எடை சுமார் 2.1 கிலோ.

பிறந்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சுத் திணறல். அவசரமாக பாஸ்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் தரும் அறையில் வைத்தும் பார்த்தார்கள். எதுவும் கைகொடுக்கவில்லை. 39 மணி நேரத்தில் உயிர் பிரிந்தது.

உலகிலேயே அதிகாரம் மிக்க மனிதரின் பிள்ளையைக்கூட அன்று காப்பாற்ற முடியவில்லை. இன்று அதே வாரத்தில், அதே எடையில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். இடையில் என்ன மாறியது?

நுரையீரலுக்குள் என்ன நடக்குது?

நம் நுரையீரல் இரண்டு பெரிய பலூன்கள் மாதிரி இல்லை. கோடிக்கணக்கான குட்டிக் குட்டிக் காற்றுப்பைகளால் ஆனது. ஒவ்வொரு பையின் உள்சுவரிலும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். பிரச்சினையே இந்தத் தண்ணீரில்தான்.

இரண்டு கண்ணாடித் தகடுகளை நனைத்து ஒட்டவைத்தால் பிரிப்பது எவ்வளவு கஷ்டம்? தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதுதான் காரணம். இதற்குப் பெயர் பரப்பு இழுவிசை. காற்றுப்பைக்குள்ளும் இதே இழுவிசை, பையைச் சுருக்கி மூடப் பார்க்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சின்ன குமிழிக்குள் அழுத்தம் அதிகம், பெரிய குமிழிக்குள் குறைவு. இரண்டும் இணைந்திருந்தால் சின்னது தன் காற்றைப் பெரியதுக்குள் தள்ளிவிட்டு மூடிக்கொள்ளும்.

இதைத் தடுப்பதுதான் சர்ஃபாக்டன்ட். நுரையீரலே சுரக்கும் சோப்பு போன்ற பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் சுமார் 90 சதவீதம் கொழுப்பு, மீதி புரதம். நீர்ப்படலத்தின் மேல் பரவி, தண்ணீரின் இழுவிசையைத் தளர்த்திவிடும். மூச்சை வெளியே விடும்போது பை சுருங்கும். அப்போது சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் நெருக்கமாகச் சேர்ந்து இழுவிசையைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கே கொண்டுவந்துவிடும். அதனால் பை முழுசாக மூடிக்கொள்ளாது.

குறைமாதக் குழந்தைக்கு ஏன் ஆபத்து?

புது பலூனை முதல் தடவை ஊதுவதுதான் கஷ்டம். ஓரளவு விரிந்துவிட்டால் அப்புறம் சுலபம். சர்ஃபாக்டன்ட் இல்லாத குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சுமே புது பலூனை ஊதுகிற மாதிரிதான். சில மணி நேரத்தில் குழந்தை சோர்ந்துபோகும்.

கருவில் சுமார் 24-வது வாரத்தில் இதன் உற்பத்தி தொடங்குகிறது. போதிய அளவு சேர 34, 35 வாரங்கள் ஆகும். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் தாமதமாகலாம்.

நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, மூக்கு விடைப்பது, விலா எலும்புக்கு இடையே தோல் உள்வாங்குவது, மூச்சு விடும்போது முனகல் சத்தம், உதடு நீலமாவது ஆகியவைதான் அறிகுறிகள்.

காரணம் தெரிந்தும் மருந்து இல்லை!

பேட்ரிக் இறப்பதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே, 1959-ல், மேரி எலன் ஏவரி, ஜெர் மீட் என்ற ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த நோயில் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் குறைவாக இருந்தது. ஆய்வு நடந்ததும் அதே பாஸ்டனில்தான்! ஆனால் சிகிச்சை கைக்கு வரவில்லை. 1960-களில் செயற்கைக் கொழுப்பை ஆவியாக்கி மூச்சில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை.

1980-ல் ஜப்பான் மருத்துவர் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்தினார். நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 1990-ல் அமெரிக்காவில் முதல் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

இப்போது எப்படிக் கொடுக்கிறார்கள்?

மாடு அல்லது பன்றி நுரையீரலிலிருந்து சுத்திகரித்து எடுத்த வெள்ளை நிறத் திரவம் இது. குழந்தையின் எடைக்கேற்ப ஒரு கிலோவுக்குச் சில மில்லி வீதம், மூச்சுக்குழாய் வழியாக நேரடியாக நுரையீரலுக்குள் செலுத்தப்படும். பல குழந்தைகளுக்குச் சில நிமிடங்களிலேயே ஆக்சிஜன் தேவை குறையத் தொடங்கும். இப்போதெல்லாம் வென்டிலேட்டரில் போடாமல், மெல்லிய டியூப் வழியாகவே மருந்தைக் கொடுக்கும் முறையும் உள்ளது. கூடவே, மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் தரும் 'சிபேப்' கருவியும் உதவுகிறது.

பெரியவர்களுக்கும் பலன் தருமா?

கடுமையான நிமோனியா, கொரோனா போன்றவற்றில் பெரியவர்களின் சர்ஃபாக்டன்டும் பாதிக்கப்படுகிறது. ஆனால் அங்கே கதை வேறு. குழந்தைக்குச் சுரப்பு போதவில்லை, கொடுத்தால் போதும். பெரியவர்களுக்கோ வீக்கமும் கசிவும் சேர்ந்து, கொடுத்த மருந்தையும் செயலிழக்கச் செய்கின்றன. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் உயிரிழப்பு குறைந்ததாக உறுதியாகவில்லை.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது

24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவம் ஆகிவிடும் என்ற நிலை வந்தால், தாய்க்கே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது கருவின் நுரையீரலைச் சீக்கிரம் பக்குவப்படுத்தும். இந்த ஊசி முழுப் பலன் தர ஒரு நாளாவது தேவை. அதனால் மாதம் நிறையும் முன்பே வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ 'சூட்டு வலியா இருக்கும், காலையில பார்த்துக்கலாம்' என்று இருக்கக் கூடாது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போவது நல்லது.

அதேபோல, மருத்துவக் காரணம் இல்லாமல், நல்ல நாள் பார்த்து 39 வாரத்துக்கு முன்பே சிசேரியன் செய்வதும் குழந்தைக்கு மூச்சுப் பிரச்சினை வரும் ஆபத்தைக் கூட்டும். வயிற்றுக்குள் கிடைக்கும் கடைசி சில வாரங்கள்கூட நுரையீரலுக்கு முக்கியம்.