தெளிந்த நீரும் நல்ல நீரும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை விழுப்புரம் மாவட்டத்தார் எளிதில் மறவார். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மிகுதியாக மழை பெய்தது. டிசம்பர் 2-ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஆற்றை அடுத்த ஊர்கள் பலவற்றில் வெள்ளம் புகுந்தது. வெள்ளம் வடிந்த சில நாட்களில், கோலியனூரில் என்னைக் கண்டவர்கள் பலரும் கேட்ட வினா ஒன்றே: "ஐயா, கிணற்றுநீர் தெளிந்துவிட்டதே, இனிக் குடிக்கலாம் அல்லவா?"

மாணவ நண்பர்களே, இவ்வினாவிற்கு விடை கூறுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம். தெளிவு வேறு, தூய்மை வேறு. நீருக்கு வரும் குற்றங்கள் பல. இன்ன குற்றம் என்று அறியுமுன் மருந்தைத் தேடுவது, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சூரணத்தைக் கொடுப்பது போன்றதாகும்.

நம் முன்னோர் கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்தனர். நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் யாவும் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆதலின் அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளி, அடியில் படியாமல் நிற்கின்றன. கொட்டையிலிருந்து கரையும் பொருள் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துத் திரளச் செய்கிறது. திரண்டவை கனத்தால் கீழே இறங்குகின்றன. படிகாரம் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுவே. மிக அருமையான முறை, ஐயமில்லை. ஆயினும் மண்ணோடு கிருமிகளில் ஒரு பகுதியே அடியில் தங்கும். எஞ்சியவை தெளிந்த நீரில் நலமாகவே வாழும். உப்போ சிறிதும் குறைவதில்லை.

இனி, பல வீடுகளில் நாள்தோறும் காணும் கடினநீரை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் பணியாற்றியபோது நான் ஆண்டுதோறும் செய்துகாட்டிய சோதனை இது. இரண்டு புட்டிகளில் சம அளவாக, ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் கிணற்றுநீரும் எடுத்து, சீவிய சோப்பைச் சம அளவில் இட்டுக் குலுக்குங்கள். (பழைய கட்டிச் சோப்பாக இருத்தல் வேண்டும், இக்காலத்துத் துணி துவைக்கும் தூளில் இவ்வேறுபாடு நன்கு தோன்றாது.) மழைநீர் பொங்கி நுரைக்கும். கடினநீரில் நுரைக்குப் பதிலாகத் தயிர்த்திப்பி போன்ற வெள்ளை மிதக்கும். நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பற்றிக்கொண்டு கரையாப் பொருளாக மாற்றிவிடுவதே காரணம். அவற்றுள் பைகார்பனேட்டாக இருக்கும் பகுதியைக் கொதிக்கவைத்துப் போக்கலாம். வெந்நீர்த் தவலையின் அடியில் பொருக்காகப் படிவது அதுதான். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருக்கும் பகுதி எவ்வளவு கொதித்தாலும் அசையாது. இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராமை எல்லையாகவும் வகுத்துள்ளது. கடினநீர் துணிக்கும் பாத்திரத்திற்கும் பகையே ஒழிய, நஞ்சன்று.

இரும்பு கலந்த நீர் அடித்தவுடன் பளிங்குபோல் இருந்து, சிறிது நேரத்தில் செந்நிறம் கொள்ளும். காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாக வெளிப்படுவதே இம்மாற்றம். உயரத்திலிருந்து நீரைச் சொரியவிட்டு, ஓர் இரவு வைத்திருந்து, மணலில் வடித்தால் பெரும்பாலும் நீங்கும்.

அஞ்சத்தக்கது ஃபுளோரைடு. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நீரிலுள்ள ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவதை, 1937-இல், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் ஆராய்ந்து வெளியிட்டனர். நம் மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகள் இதனால் துன்புற்றவை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, 1.5-ஐத் தாண்டலாகாது. இந்நீரைக் கொதிக்கவைத்தால், நீர் ஆவியாகக் குறையக் குறைய ஃபுளோரைடின் செறிவு கூடும். குழந்தையின் நலத்தை எண்ணி அடுப்பில் நெடுநேரம் காய்ச்சும் தாய், அறியாமலே அதனை மிகுவிக்கிறாள்.

இவ்விடத்தில், நீரைத் தூய்மையாக்கும் கருவி விற்க வீடுவீடாக வருவோர் சிலர் செய்துகாட்டும் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் உங்கள் வீட்டு நீர், மற்றொன்றில் கருவியில் வடித்த நீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை நிறுத்தி மின்சாரம் பாய்ச்சுவர். ஒரு நிமிடத்தில் உங்கள் நீர் மஞ்சளாகிப் பழுப்பாகி, சேறுபோல் திரண்டுவிடும். மற்றொன்று மாறாது. "பார்த்தீர்களா, இதைத்தான் இத்தனை நாளும் குடித்தீர்கள்" என்பர். வீட்டார் நடுங்கிப்போவர்.

உண்மை என்ன? அந்தச் சேறு நீரிலிருந்து வந்ததன்று. இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. உப்புக் கரைந்த நீரில் மின்சாரம் எளிதிற் பாயும். பாயவே, கம்பியின் இரும்பு கரைந்து துருவாகிறது. வடித்த நீரில் உப்பு மிகக் குறைவு. ஆகவே மின்சாரமும் சிறிதே பாய்கிறது. அந்த நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு இடுங்கள், அதுவும் பழுப்பாகும்! இதனை நீங்கள் தனியே வீட்டு மின்சாரத்தில் செய்து பார்த்தல் கூடாது, உயிருக்கு ஆபத்து. வந்தவரையே உப்பிட்டுக் காட்டுமாறு பணிவுடன் கேளுங்கள்.

அவர் கையிலுள்ள டி.டி.எஸ். மீட்டர் பொய் சொல்வதில்லை. ஆனால் அது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் உரைக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது; வேறு வழியற்ற இடத்தில் 2000 வரை பொறுக்கப்படுகிறது. அந்த உப்பு சுண்ணாம்பா, ஃபுளோரைடா என்று மீட்டர் அறியாது. காலராக் கிருமி நிறைந்த நீரையும் அது கண்டுகொள்ளாது. உப்பு மெய்யாகவே மிகுந்த இடத்தில் ஆர்.ஓ. கருவி பெரிதும் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அது வடித்துத் தரும் நீருக்காகப் பெருமளவு நீரைக் கழிவாகத் தள்ளுவதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனிக் கிருமிக்கு வருவோம். வெள்ளத்தின் பின் முதலில் அஞ்சவேண்டியது இதனையே. 1982-இல் குவாலியரைச் சேர்ந்த நம் நாட்டு விஞ்ஞானிகள் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டனர். மருந்து தோய்த்த தாள் வைத்த சிறு புட்டியில் நீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்த நீர் கறுத்துவிடும். விரிவான சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடம் உண்டு.

ஒரு வீட்டின் குடிநீருக்குத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவிடுதல் போதும். கிணறு முழுமைக்கும் எனில் பிளீச்சிங் பவுடர் வேண்டும். கணக்கு எளிது. விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் என்றால், 3.14 × 1 × 1 × 3 = 9.42 கன மீட்டர். அதாவது 9,420 லிட்டர். வழக்கமான காலத்தில் 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் வீதம், ஏறத்தாழ 24 கிராம். வெள்ளம் புகுந்த கிணற்றிற்கு இவ்வளவு போதாது. சேற்றுநீரை இறைத்துவிட்டு, ஊர்ச் சுகாதார ஆய்வாளரிடம் அளவைக் கேட்டே இடவேண்டும்.

பவுடரை நேரே கிணற்றில் கொட்டலாகாது. வாளியில் கூழாகக் கரைத்து, நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறொரு வாளியில் இறுத்துக் கயிற்றில் கட்டி இறக்கி, நீருக்குள் மேலும் கீழுமாகப் பலமுறை அசைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்தபின் நீர் இறைக்கலாம். முதல் வாளியின் அடியில் தங்கிய சுண்ணாம்பை அப்புறப்படுத்திவிடுங்கள். அதனையும் கிணற்றில் கொட்டினால், கடினநீர் மேலும் கடினமாகும்.