கடுக்காய்த் தண்ணீர் சொத்தையைத் தடுக்குமா?

"பிள்ளைக்குப் பல் சொத்தை. பாட்டில் மவுத்வாஷ் வேண்டாம்னு பார்க்கிறேன். மயிலாப்பூர் டப்பா செட்டி கடையில திரிபலா வாங்கிக் கொப்பளிக்க விடலாமா?" என்று கேட்கிறீர்கள். விடலாம். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று டீ குடித்தபடியே பார்த்துவிடலாம்.

சொத்தைக்குக் காரணம் பூச்சி இல்லை. பெரும்பங்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமிக்கு. 1924-இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்து அதற்குப் பெயர் வைத்தார். சர்க்கரை கிடைத்ததும் அது பசை செய்து பல்லில் ஒட்டிக்கொள்ளும். கூடவே அமிலமும் விடும். வாயில் பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் கொஞ்ச நேரத்தில் அதைச் சரிசெய்துவிடும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வாய்க்குள் போனால் எச்சில் என்ன செய்யும்?

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்ததுதான் திரிபலா. அதன் கஷாயத்தை வாயில் வைத்ததும் நாக்கு வறண்டு இழுக்கும். அது டானின் செய்யும் வேலை. எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் துவர்ப்பு. கிருமியின் புரதங்களையும் டானின் அதேபோல் பிடிப்பதால், கிருமி பல்லில் ஒட்டுவது குறைகிறது. 2011-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 8 முதல் 12 வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரிபலாவும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே கிருமி குறைந்தது. குளோர்ஹெக்சிடினை நாள்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், ருசியும் மாறும். மூலிகைமேல் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் பல்லில் படிந்துவிட்ட படலத்தைக் கொப்பளித்து எடுக்க முடியாது. பிரஷ்தான் தேய்த்து எடுக்க வேண்டும். ஆறு வயதுக்குள் எந்த மவுத்வாஷும் வேண்டாம், விழுங்கிவிடுவார்கள். பெரிய பிள்ளை என்றால் கஷாயத்தை வடிகட்டி, ஆறவைத்து, சர்க்கரையோ தேனோ சேர்க்காமல் கொடுங்கள். கடையில் 'ஹெர்பல்' என்று எழுதிய பாட்டிலை வாங்கினால், ஆல்கஹால் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள்.

விழுந்த குழியை எந்தக் கஷாயமும் அடைக்காது; அதற்குப் பல் டாக்டர்தான். வீட்டில் உங்கள் வேலை, காலையிலும் இரவு படுக்கும் முன்பும் ஃபுளூரைடு பேஸ்ட்டில் பல் தேய்த்து விடுவது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயதுவரை பட்டாணி அளவு. இரவு தேய்த்த பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள். இதெல்லாம் நடந்தால்தான் திரிபலாவால் பலன் உண்டு.