மாற்றுத்திறனாளி உதவித்தொகையும் அமெரிக்க வீட்டுக் கடனும்: சில குறிப்புகள்

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தான். எடுத்ததும், "டேய், உனக்கு இந்த மார்ட்கேஜ் சட்டமெல்லாம் தெரியுமா?" என்றான். எனக்கு எப்படித் தெரியும்? நான் கோடு எழுதுகிறவன். ஆனால் எதையாவது தோண்டிக்கொண்டே இருக்கும் ஆள் என்பதால் இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடம் வந்து சேரும்.

விஷயம் இதுதான். அவன் மனைவிக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். பத்து வருஷத்துக்கு மேல் இங்கே வேலை பார்த்தவர், முடியாமல் நிறுத்திவிட்டார். இப்போது மாதாமாதம் எஸ்எஸ்டிஐ வருகிறது. இருக்கிற அபார்ட்மென்ட் மாடியில், லிஃப்ட் கிடையாது. அதனால் தரைத்தளத்திலேயே எல்லாம் அமைந்த ஒரு வீட்டைப் பார்த்து லோனுக்கு விண்ணப்பித்தார்கள். லோன் ஆபீசர் எல்லாப் பேப்பரையும் வாங்கிக்கொண்டு கடைசியில் சொன்னாராம்: "இன்னும் மூணு வருஷத்துக்கு உங்க மனைவிக்கு இந்த நிலைமை மாறாதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

அவர் போனை வாங்கி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அண்ணா, நான் சரியாக மாட்டேன்னு நானே போய் டாக்டர்கிட்ட எழுதிக் கேக்கணுமா?"

அந்தக் கேள்வியால்தான் அடுத்த ரெண்டு வாரம் இதிலேயே உட்கார்ந்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்காவில் 'டிஸபிலிட்டி' என்று ஒரே வார்த்தையில் சொல்வது குறைந்தது ரெண்டு வெவ்வேறு விஷயம். எஸ்எஸ்டிஐ என்பது 1956-ல் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்திருத்தத்தால் வந்தது. இது தர்மம் இல்லை, இன்சூரன்ஸ். நம் சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம் பிடிக்கிறார்களே, அதற்குள் இதற்கான பிரீமியமும் அடக்கம். ஹெச்1பி-யில் இருப்பவரிடமும் பிடிக்கிறார்கள். எஸ்எஸ்ஐ வேறு. 1972-ல் சட்டமாகி 1974 ஜனவரியில் வழங்க ஆரம்பித்தது. வருமானமும் சேமிப்பும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் லோன் ஆபீசர்களே குழப்பிக்கொள்கிறார்கள். உங்களுக்கு வருவது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கே மாறிவிடும்.

இந்த வருமானத்தை வங்கி ஏற்க வேண்டுமா? 1974-ல் வந்த சம கடன் வாய்ப்புச் சட்டம் ஆரம்பத்தில் ஆண் பெண், திருமணமானவர் ஆகாதவர் என்ற பாகுபாட்டை மட்டும்தான் தடுத்தது. 1976-ல் அதை விரித்தார்கள். இனம், மதம், வயது இவற்றோடு 'வருமானம் அரசு உதவித் திட்டத்திலிருந்து வருகிறது' என்பதையும் சேர்த்தார்கள். அதாவது, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதற்காகவே அதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இங்கே ஒரு சந்து இருக்கிறது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ரெகுலேஷன் பி, அந்த வருமானம் எவ்வளவு, தொடர்ந்து வருமா என்பதை வங்கி பார்க்கலாம் என்று அனுமதிக்கிறது. நியாயம்தான். 30 வருஷக் கடன் கொடுப்பவன் கேட்கத்தான் செய்வான். முடிவுத் தேதி உள்ள வருமானமாக இருந்தால் அது இன்னும் மூன்று வருஷமாவது வர வேண்டும் என்பது பொது விதி. இந்த 'தொடருமா?' என்ற சந்து வழியாகத்தான் டாக்டர் லெட்டர் உள்ளே நுழைந்தது.

நுழைந்ததற்குப் பதிலும் வந்தது. 2012-ல் இதே காரணத்துக்காக, உதவித்தொகை வாங்கும் விண்ணப்பதாரர்களிடம் டாக்டர் கடிதம் கேட்டார்கள் என்ற குற்றச்சாட்டில், பேங்க் ஆஃப் அமெரிக்காவோடு அமெரிக்க நீதித்துறை ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 1,000 முதல் 5,000 டாலர் வரை இழப்பீடு. 2014 நவம்பரில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி இதைப் பற்றியே எல்லாக் கடன் நிறுவனங்களுக்கும் ஒரு தனிச் சுற்றறிக்கை அனுப்பியது. எஃப்ஹெச்ஏ கையேட்டில் இன்னும் தெளிவாகவே இருக்கிறது: சோஷியல் செக்யூரிட்டியின் கடிதத்தில் முடிவுத் தேதி எதுவும் இல்லையென்றால், அந்த வருமானம் தொடரும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கடுத்த வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சோஷியல் செக்யூரிட்டி அவ்வப்போது மறு ஆய்வு செய்யும். குணமாக வாய்ப்பு உண்டு என்று கருதினால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, வாய்ப்பில்லை என்றால் ஐந்திலிருந்து ஏழு வருஷத்துக்கு ஒருமுறை. அப்படி ஒரு ஆய்வு இப்போது நடந்துகொண்டிருந்தாலும்கூட, அதை வைத்து 'இந்த வருமானம் நின்றுபோகும்' என்று வங்கி முடிவுகட்டக் கூடாது என்கிறது அதே கையேடு. நண்பன் வீட்டுக்கு ஆய்வுக் கடிதம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதை மறைக்கணுமா என்று பயந்துகொண்டிருந்தான். பயப்பட ஒன்றுமே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஏன் சண்டை போடணும் என்பது புரியும்.

புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. கணவர் சம்பளம் மாதம் 6,000 டாலர், மனைவியின் எஸ்எஸ்டிஐ 1,800. மொத்த வருமானத்தில் 45 சதவீதம் வரை கடன் தவணைகள் இருக்கலாம் என்று வங்கி சொல்கிறது. சம்பளம் மட்டும் என்றால் 2,700. ரெண்டும் சேர்ந்தால் 3,510. வித்தியாசம் மாதம் 810 டாலர். 6.5 சதவீத வட்டியில் 30 வருஷத்துக்கு இந்த 810 எவ்வளவு கடனுக்குத் தவணை ஆகும் என்று பார்த்தால், சுமார் 1,28,000 டாலர். படியேறுகிற வீட்டுக்கும் படியில்லாத வீட்டுக்கும் நடுவில் நிற்பது அந்தத் தொகைதான்.

ஒரு நிபந்தனை: மனைவியின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க, அவரும் கடன் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் கணவர் பெயரில் மட்டும் விண்ணப்பித்துவிட்டு அப்புறம் விழிப்பது சகஜம். அவர் பெயர் வந்தால் அவருடைய கிரெடிட் ஸ்கோரும் கூடவே வரும்.

அடுத்தது 'கிராஸ் அப்'. யூட்யூபில் இதைப் பற்றி ஆளாளுக்கு அள்ளிவிடுகிறார்கள். சம்பளத்தை வரிக்கு முந்தைய தொகையாகத்தான் வங்கி கணக்கிடுகிறது. அப்படியானால் வரியே இல்லாத வருமானத்தை அப்படியே எடுத்தால் அநியாயம் இல்லையா? அதனால் வரியில்லாத வருமானத்தை ஏற்றிக் கணக்கிட விதி உண்டு. ஃபேனி மே விதிப்படி 25 சதவீதம். எஃப்ஹெச்ஏ-யில் 15 சதவீதம், அல்லது உங்கள் வரி விகிதம் அதைவிட அதிகமென்றால் அது. நண்பன் இதைப் பார்த்துவிட்டு 1,800-ஐ 2,250 ஆக்கி ஒரு எக்செல் ஷீட்டே போட்டு வைத்திருந்தான்.

அங்கேதான் சறுக்கல். எஸ்எஸ்டிஐ எப்போதும் வரியில்லாத வருமானம் இல்லை. 1984-லிருந்து இதற்கும் வரி உண்டு. தம்பதியாக வரி தாக்கல் செய்தால், மற்ற வருமானத்தோடு இந்தத் தொகையில் பாதியைக் கூட்டி, அது 32,000 டாலரைத் தாண்டினால் வரி ஆரம்பிக்கும். 1993-ல் இன்னொரு படி வைத்தார்கள்: 44,000-ஐத் தாண்டினால் 85 சதவீதம் வரை வரிக்கு உட்படும். இந்த வரம்புகளை விலைவாசிக்கேற்ப ஏற்றவே இல்லை. வைத்தது வைத்தபடியே நிற்கிறது. மாதம் 6,000 சம்பளம் என்றால் வருஷத்துக்கு 72,000. வரம்பு எப்போதோ தாண்டியாச்சு. ஆக வரியில்லாத பாகம் 15 சதவீதம், அதாவது 270 டாலர். அதில் 25 சதவீதம் ஏற்றினால் 67.50. அவ்ளோதான். 450 கூடும் என்று நினைத்த இடத்தில் 67. கடன் தொகையில் சொன்னால், 32,000 டாலர் கூடுதலாகக் கிடைக்கும் என்று நம்பியவனுக்குக் கிடைப்பது 4,800. எக்செல் ஷீட்டை அழித்தான்.

எஸ்எஸ்ஐ-க்கு வரியே கிடையாது. அதில் முழுத் தொகையையும் ஏற்றலாம். வாங்குபவர்களிடம்தான் பணம் இல்லை. அது தற்செயல் இல்லை, விதியே அப்படி. எஸ்எஸ்ஐ வாங்கும் தனிநபர் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு வைத்திருக்கக் கூடாது. தம்பதி என்றால் 3,000. 1989-லிருந்து இதே எண். ஆனால் குடியிருக்கும் சொந்த வீடு எத்தனை லட்சம் பெறுமானதாக இருந்தாலும் கணக்கில் சேராது! வீடு வைத்திருக்கலாம், வீடு வாங்கக் காசு சேர்க்கக் கூடாது. இதை எழுதியவர்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கலாம்.

இதற்கு ஒரு மாற்று 2014-ல் வந்த ஏபிள் கணக்கு. அதில் ஒரு லட்சம் டாலர் வரை இருந்தாலும் எஸ்எஸ்ஐ கணக்கில் எடுக்காது. 26 வயதுக்கு முன் பாதிப்பு தொடங்கியிருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2026 ஜனவரியிலிருந்து 46 ஆக்கினார்கள். ஒரு எச்சரிக்கை. வீட்டுச் செலவுக்காக அதிலிருந்து எடுத்த பணத்தை அந்த மாதத்துக்குள் செலவழித்துவிட வேண்டும். 28-ம் தேதி எடுத்து, கொடுக்கல் வாங்கல் தள்ளிப்போய், ஒன்றாம் தேதியும் கையில் இருந்தால் அது சேமிப்பாகிவிடும். ஊரிலிருந்து அப்பா அன்பாகப் பணம் அனுப்பினாலும், எஸ்எஸ்ஐ வாங்குபவர் கையில் வந்தால் அந்த மாத வருமானம்தான்.

குழந்தையின் பெயரில் வரும் தொகை என்றால் வயதைப் பாருங்கள். 18-ல் தகுதியை மறுபடி ஆராய்வார்கள் என்பதால், 15 தாண்டிய பிள்ளையின் பணம் மூன்று வருஷ விதியில் மாட்டிக்கொள்ளும். முன்னாள் ராணுவத்தினருக்குத் தனி வழி. அவர்களுடைய உடல் பாதிப்பு இழப்பீடு வரியில்லாதது, விஏ கடனில் ஃபண்டிங் ஃபீயும் கிடையாது.

இன்னொன்று. வாய்வார்த்தையாக "உங்களுக்குக் கஷ்டம்தான், விண்ணப்பிச்சும் பிரயோஜனமில்லை" என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். அப்படி மனம் தளர வைப்பதையே ரெகுலேஷன் பி தடுக்கிறது. முழு விண்ணப்பம் கையில் சேர்ந்தால் 30 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் குறிப்பான காரணம் தர வேண்டும். விண்ணப்பமே கொடுக்கவில்லை என்றால் மறுப்பும் இல்லை, காரணமும் இல்லை, கையில் ஒரு காகிதமும் இருக்காது.

நண்பனுக்கு நான் சொன்னது ரெண்டே வேலை. சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் பெனிஃபிட் வெரிஃபிகேஷன் லெட்டரை இறக்கி, வங்கிக் கணக்கில் பணம் வந்த ஸ்டேட்மென்ட்டோடு சேர்த்து அனுப்பு. அப்புறம், டாக்டர் கடிதம் எந்த விதிப்படி தேவை என்று மின்னஞ்சலில் கேள். கோபமாக ஒரு வார்த்தை வேண்டாம்.

நாலாவது நாள், லோன் ஆபீசரிடமிருந்து இல்லை, அவருக்கு மேலே இருந்த ஒருவரிடமிருந்து பதில் வந்தது. டாக்டர் கடிதம் தேவையில்லை, இருக்கும் ஆவணங்கள் போதும் என்று ஒரே வரி. அதற்குள் அந்த வீடு வேறொருவருக்குப் போயிருந்தது. அடுத்து கிடைத்த வீட்டில் வாசலில் ரெண்டு படி இருக்கிறது. சாய்தளம் போட ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.