மதிப்பெண்ணை அளந்த பேராசிரியர்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒருவர் ஒரே ஒரு மதிப்பெண்ணால் தவறிவிடுகிறார். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து எழுதியவர் அதே ஒரு மதிப்பெண்ணால் தேறிவிடுகிறார். இவ்விருவருக்கும் அறிவில் உண்மையாகவே வேறுபாடு உண்டா? இத்தகைய வினாக்களை ஆராய்வதே உள அளவையியல். அத்துறைக்குத் தம் வாழ்நாளை அளித்தவர்களுள் ஒருவர் லீ கிரான்பாக் (1916–2001).

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃபிரெஸ்னோ நகரில் பிறந்த இவர், முதலில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1940-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் இல்லினாய், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக விளங்கினார்.

நாம் பெறும் மதிப்பெண்ணில் இரு கூறுகள் கலந்துள்ளன. ஒன்று நமது உண்மைத் திறன், மற்றொன்று பிழை. படித்த பாடத்திலேயே வினா வந்தது, தலைவலியோடு எழுதியது, திருத்துபவரின் கை தாராளமாகவோ இறுக்கமாகவோ இருந்தது ஆகியன யாவும் பிழையில் அடங்கும். ஒரு தேர்வின் வினாக்கள் தம்முள் எவ்வளவு இசைந்துள்ளன என்பதைக் கொண்டு அத்தேர்வை எவ்வளவு நம்பலாம் எனக் கணக்கிடும் முறையை 1951-இல் அவர் விளக்கினார். அதுவே 'ஆல்பா' கெழு. அது 1-ஐ நெருங்க நெருங்க நம்பகம் மிகும்.

அத்துடன் அவர் அமைதி கொள்ளவில்லை. வினாவால் வந்த பிழை எவ்வளவு, திருத்துவோரால் வந்தது எவ்வளவு எனப் பிரித்தறியும் பொதுமையாக்கக் கோட்பாட்டைத் தம் குழுவினருடன் வகுத்தார். 1972-இல் வெளிவந்த அந்நூலின் ஆசிரியர் நால்வருள் நாகேஸ்வரி ராஜரத்தினம் என்னும் தமிழ்ப் பெயரும் இருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

அவர் மறைந்தபின் 2004-இல் வெளியான கட்டுரையொன்று அவரது பெருந்தன்மையைக் காட்டுகிறது. பிறர் முன்னரே கண்டிருந்த வாய்பாட்டுக்குத் தம் பெயரிட்டு வழங்குவது தமக்குக் கூச்சம் தருவதாக அதில் அவர் எழுதியுள்ளார். ஆல்பாவைவிட, அளவீட்டின் திட்டப்பிழையைத் தெரிவிப்பதே முதன்மையானது என்பதும் அவரது முடிவு.

இதன் பொருள் எளிது. ஒரு தேர்வின் திட்டப்பிழை 3 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 39 பெற்றவர் 40 பெற்றவரைவிடத் திறன் குறைந்தவர் என்று உறுதியாகக் கூற இயலாது. தேர்வு வேண்டும், எங்கேனும் ஓர் எல்லைக் கோடும் வேண்டும். ஆனால் அக்கோட்டை வரையும் கை, அளவுகோலும் பிழைபடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணில் தவறிய நண்பரும் அதை அறிந்திருந்தால், மனம் தளராது மீண்டும் எழுதுவார்.